இரண்டு கோது

ஒலுமடுவுக்குத் திரும்பும் முடக்கில் ஒரு பலகை.
மூன்று மொழியில் அரச காணி.
தமிழில் மட்டும் காணி கானியாகியிருந்தது.
அதன் மேல் எந்த வேட்டைக்காரனோ விட்ட
சன்னப் பொட்டு மூன்று.

அங்கேதான் வரச்சொல்லியிருந்தார்கள்,
பயிர்க்காவல் துவக்குக்கு விண்ணப்பித்த ஆறு பேரையும்.
நான் ஒருத்திதான் பெண்.

செயலகத்துக் குணநேசன் நின்றபடி வாசித்தார்:
துவக்கை மடித்தபடி கொண்டுவரவேண்டும்.
தோட்டா வேறு பையில்.
பஸ்ஸில் இரண்டும் ஒன்றாய் ஏறக்கூடாது.
"அப்ப தோட்டா முதல்நாளே வந்து நிக்கவேணுமோ?"
கனகராயன்குளத்து நவரத்தினராசா கேட்டார்.
சார்ஜன் மட்டும் சிரித்தார்.

மரத்தைச் சுடக்கூடாது. பலகையைச் சுடக்கூடாது.
இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கவேண்டும்.
இருந்தது.
ஆளுயரம், நீளம் காடுவரைக்கும்,
மேலே நாயுருவி.
யார், எதற்குக் கட்டினது என்று
விதியில் இல்லை.

சுட்ட கோதைச் சுட்டவரே பொறுக்கிக்
கணக்குக் கொடுக்கவேண்டும்.
பொதுக்காணியில் விட்டால் குற்றம்.
அனுமதியில்லாமல் கொண்டுபோனாலும் குற்றம்.

என் காணி ஒன்றரை ஏக்கர். கச்சான்.
போன மாதம் ஓர் இரவில்
பன்றி உழுதது போக மிஞ்சியது
மூன்று வரம்பு.
தகரம் தட்டினேன். சீனவெடி போட்டேன்.
சத்தத்துக்குப் பழகின பன்றிகள் அவை,
எங்களைப்போல.

"முந்திப் பிடிச்சிருக்கிறீங்களோ?"
"மண்வெட்டி பிடிச்சிருக்கிறன், ஐயா."

பொலிஸ் கொண்டுவந்த துவக்கைத் தந்தார்கள்.
என் கை தானாகவே மடிப்பைத் திறந்து
குழலுக்குள் ஒருதரம் வெளிச்சம் பார்த்தது.
கையின் பிழை.
உடனே கோணலாய்ப் பிடித்தேன்,
அகப்பை பிடிப்பதுபோல்.

வெள்ளைக் கடதாசி.
பேனையால் கீறிய வட்டம்.
சோளகம் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.
அது தள்ளியதற்கு மேலும்
ஒரு சாண் நானே தள்ளினேன்.
இரண்டாவது வெடி கீழ் ஓரத்தைக் கிழித்தது.
"பரவாயில்லை, பன்றி பயப்பிடும்"
என்று எழுதிக்கொண்டார் குணநேசன்.

நல்லாய்ச் சுடக்கூடாது என்று
அந்தத் தாளில் எங்கும் இல்லை.
அந்த ஒரு விதிதான்
யாரும் வாசிக்காமலே எனக்குப் பாடம்.

பிறகு குந்தியிருந்து பொறுக்கினேன்.
என்னுடைய இரண்டும் சிவப்பு,
சூடு ஆறாமல் மேலேயே கிடந்தன.
விரல் நிற்கவில்லை.
கச்சான் பிடுங்கிய விரல்;
ஒன்றைத் தொட்டால் கொத்தாய்த்தான் வரும்.
பச்சைக் களிம்பேறிய பித்தளை.
ஒல்லி. நீளம்.
ஒன்றுக்குள் எறும்பு முட்டை வைத்திருந்தது.
அதை மட்டும் கொஞ்சம் யோசித்து எடுத்தேன்.

மேசையில் கொட்டினேன். பதினேழு.

"சுட்டது ரெண்டு."
"ஓம்."
"மிச்சம்?"
"அதுவும் கோதுதான். பொறுக்கச் சொல்லித்தானே வாசிச்சீங்கள்."

சார்ஜன் ஒன்றை எடுத்து மண்ணை ஊதினார்.
அடியில் குத்தியிருந்த இலக்கத்தைச்
சிங்களத்தில் வாய்க்குள் சொன்னார்.
எங்கே நின்றவர் என்று நான் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.

பதிவேட்டில் நிரல்கள் நான்கு.
பெற்றது, சுட்டது, மீதி, வெற்றுக்கோது.
மண் சொந்தமாய் வைத்திருந்ததற்கு
நிரல் இல்லை.
குணநேசன் பேனையை மூடினார், திறந்தார்.
"எடுத்த இடத்திலயே போட்டுவிடுங்கோ, அக்கா."
"விட்டால் குற்றம்."
"அப்ப கொண்டுபோங்கோ."
"அதுவும்."

பதினைந்தும் மேசையில் வாய் திறந்து கிடந்தன.
காற்று ஒன்றிரண்டில் புகுந்து
மெல்ல ஊதிப் பார்த்தது.

அவர் 'இரண்டு' என்று எழுதி
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நவரத்தினராசா துவக்கை வாங்கினார்.
சுடுமுன் குனிந்து
தன் காலடியைப் பார்த்தார்.
ஒரு காலை மெல்லத் தூக்கி
வேறு இடத்தில் வைத்தார்.